நனையாத கேமரா, தெளியாத படங்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரின் பெட்டி திறக்கப்படும் வேளை நம் இல்லங்களில் ஒரு சிறு பெருநாளுக்கு ஒப்பானது என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அத்தரும் சோப்பும் சாக்லேட்டும் பங்கிடப்பட்டு முடிந்த பிறகு, பெட்டியின் அடியிலிருந்து எல்லாருக்கும் பொதுவான பொருள் ஒன்று வெளியே வரும். 2022 டிசம்பரில், அரையாண்டு விடுமுறைக்குச் சற்று முன்னதாக, சிங்கப்பூரில் படித்துக்கொண்டிருக்கும் என் தங்கை மகள் ஆரணியிலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்தபோது அப்படி வெளிவந்தவை இரண்டு கேமராக்கள்.

கேமரா என்றதும் விலை உயர்ந்த ஒன்றை எண்ணிவிட வேண்டாம். கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் பெட்டி; அதன்மேல் கண்ணாடி போன்ற தடித்த உறை; பக்கத்தில் ஒரு ரப்பர் பட்டை. உள்ளே ஃபிலிம் சுருள் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும். 27 படங்கள் எடுக்கலாம். எடுத்து முடித்தபின் கேமராவை முழுமையாகவே கழுவும் கடையில் கொடுத்துவிட வேண்டியதுதான். அவர்கள் அதை உடைத்துச் சுருளை எடுத்துக்கொள்வார்கள். கேமரா நமக்குத் திரும்பாது. அட்டையின்மேல் பவளப்பாறைகளுக்கிடையே நீந்தும் மஞ்சள் மீன்களின் வண்ணப்படம். தண்ணீருக்குள் பல அடி ஆழம்வரை கொண்டு செல்லலாம் என்ற உறுதிமொழி. அதற்குக் கீழே, யாரும் படிக்காத அளவுக்குச் சிறிய எழுத்துகளில், சூரியனின் சின்னத்தோடு ஏதோ ஒரு குறிப்பு. நாங்களும் அதைப் படிக்கவில்லை. இக்கட்டுரையை எழுத நேர்ந்ததற்கு அதுவே முதற்காரணம்.

கைப்பேசியிலேயே ஆயிரக்கணக்கில் படம் எடுக்கும் காலத்தில் இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். இன்றைய இளைஞர்களிடையே ஃபிலிம் மீது மீண்டும் ஒரு மோகம் பிறந்திருக்கிறது என்பது அவள் பதில். எடுத்தவுடன் பார்க்க முடியாமல் காத்திருப்பதிலும், எண்ணி எண்ணி எடுப்பதிலும் ஒரு சுவை இருக்கிறதாம். நமக்கு அது புதிதா என்ன? 36 படங்கள் கொண்ட ஒரு சுருளை நோன்புப் பெருநாளுக்குப் பாதி, ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பாதி என்று பங்கிட்டு, இடையில் வந்த திருமணத்திற்கு இரண்டு கடனாக எடுத்துக்கொண்ட தலைமுறையல்லவா நாம்! உதகமண்டலத்தில் 1960-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ ஃபிலிம் அட்டைப்பெட்டிகளில் ஊசியும் நூலும் போட்டு வைத்த தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஆலை இப்போது இல்லை.

ஆனால் எங்கள் வீட்டில் அக்கேமராவை வரவேற்றதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அது என் தாயார்.

அவர்களுடைய புகைப்படம் என்று எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஹஜ் பயணத்திற்காகப் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. அதன்பின் எந்தத் திருமணத்திலும் எந்தப் பெருநாளிலும் அவர்கள் கேமராவின் முன் நின்றதில்லை. கைப்பேசி வந்த பிறகு அந்த உறுதி இன்னும் கூடியது. “ஃபோனில் எடுத்தால் ஊரெல்லாம் போய்விடும்” என்பது அவர்கள் கட்சி. அதற்கு எதிர்வாதம் செய்ய எங்களில் எவராலும் இயலவில்லை; ஏனெனில் அது உண்மை. தங்கை மகள் அந்தப் பிளாஸ்டிக் பெட்டியை அவர்கள் கையில் கொடுத்து, “இதில் எடுத்தால் தாளில் மட்டும்தான் வரும் நன்னி. நீங்களே பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம்” என்றாள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்படியானால் ஒன்று எடுத்துக்கொள்” என்றார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

படவேட்டில் ஒரு பகல்

ஆரணியைத் தொட்டு ஓடும் கமண்டல நாகநதி ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருவது. அது மலையை விட்டுச் சமவெளிக்கு வரும் வாயிலில்தான் படவேடு இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராய மன்னர்களின் தலைநகராக விளங்கிய ஊர். விஜயநகரத்து இளவரசர் குமார கம்பணர் தெற்கே மதுரையை நோக்கிச் செல்லுமுன் வென்றது இந்தச் சம்புவராயர்களைத்தான். இன்று அந்தப் பழம்பெருமைக்குச் சான்றாகக் கோட்டை மேடுகளும் கோயில்களும் நிற்க, ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வாழைத்தோட்டங்கள். ஊருக்கு மேற்கே, இரு மலைகளுக்கிடையே, கமண்டல நதியின் குறுக்கே செண்பகத்தோப்பு அணை கட்டப்பட்டிருக்கிறது.

அந்த ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்ததையும், அதையொட்டி வட மாவட்டங்களில் பெய்த மழையையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு வாரம் கழித்து நாங்கள் வேனில் சந்தவாசல் வழியாகப் படவேடு போய்ச் சேர்ந்தபோது ஓடைகளிலெல்லாம் தண்ணீர். குழந்தைகளின் கைப்பேசிகளையெல்லாம் வாங்கி வேனில் வைத்துப் பூட்டினாள் தங்கை மகள். அன்று படமெடுக்க அந்த இரண்டு பெட்டிகள் மட்டுமே.

காலை 11 மணிக்கு வாழைத்தோட்டத்து வரப்பில் பத்துப் பன்னிரண்டு படங்கள். பகல் சாப்பாடு. லுஹர் தொழுகை. அணைநீரில் இறங்குவது ஆபத்தானது என்பதால், அதற்கு வெகு தூரம் தள்ளி, மரங்கள் கவிந்த ஓர் ஓடையில், பிள்ளைகளுக்கு முழங்கால் அளவே நீர் ஓடும் இடமாகப் பார்த்து இறங்கினோம். இரண்டரை மணியிலிருந்து அஸர் நேரம் நெருங்கும் வரை ஒரே கும்மாளம். கேமராவைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் படமெடுத்தார்கள். தண்ணீரை வாரி இறைத்துப் படமெடுத்தார்கள். கூழாங்கற்களை, சிறு மீன்களை, ஒருவர் காலை ஒருவர். அம்மா கடைசியில்தான் இறங்கினார்கள். வெள்ளைத் துப்பட்டியைச் சற்றே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பேரனின் தோளில் ஒரு கையை ஊன்றி, பாதம் நனையுமளவு தண்ணீரில் நின்றார்கள். “சீக்கிரம்” என்றார்கள். பொத்தான் அழுத்தும் ஓசை கேட்டது. மேற்கு மலை அப்போது வெயிலை முழுவதுமாக மறைத்துவிட்டிருந்தது. ஆனால் எங்கள் கண்ணுக்கு அந்த இடம் இருட்டாகத் தெரியவே இல்லை.

54-இல் 11

முன்பெல்லாம் தெருவுக்குத் தெரு ஒரு மணி நேரத்தில் கழுவித் தரும் கடைகள் இருந்தன. இப்போது சிற்றூர்களில் அதற்கு வழியில்லை. சென்னைக்குக் கூரியரில் அனுப்பி மூன்று வாரம் காத்திருந்தோம். வந்த முடிவு இது: 54 படங்களில் முகம் இன்னாருடையது என்று அடையாளம் தெரிந்தவை 11. அவற்றில் ஒன்பது, காலையில் வாழைத்தோட்டத்தில் எடுத்தவை. அவை உண்மையிலேயே அழகாக வந்திருந்தன. நீருக்கடியில் எடுத்தவை அத்தனையும் டீயில் பால் கலந்தாற்போன்ற ஒரே பழுப்பு நிறம். ஓடையில் நின்று எடுத்தவை மணலை வாரித் தூற்றியதுபோல் சாம்பல் புள்ளிகள் நிறைந்து, உருவங்கள் நிழலாக மட்டும் தெரிந்தன.

கேமராவில் ஒரு சொட்டு நீர்கூடப் புகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது தன் வாக்குறுதியைக் காப்பாற்றிவிட்டது. தண்ணீரால் கெடமாட்டேன் என்பதுதான் அந்த வாக்குறுதி. தண்ணீரில் நல்ல படம் எடுப்பேன் என்று அது சொல்லவே இல்லை. அட்டையிலிருந்த மஞ்சள் மீனைப் பார்த்து நாமாகச் சேர்த்துக்கொண்ட பொருள் அது.

ஏமாற்றம் தணிந்தபின், ஏன் இப்படி ஆயிற்று என்று ஆராயப் புகுந்தேன். தெரிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அடுத்த பெட்டி உங்கள் வீட்டிலும் திறக்கப்படலாம் அல்லவா?

ஃபிலிமோடு சேர்த்தே கேமராவை விற்று, கேமராவோடு சேர்த்தே திரும்பப் பெறும் முறை பழையது. 1888-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடக் கேமரா நூறு படங்களுக்கான ஃபிலிமுடன் வந்தது; முடிந்ததும் கேமராவையே ஆலைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அங்கே கேமரா புதிய ஃபிலிமுடன் உரியவருக்குத் திரும்பி வந்தது. எடுத்துவிட்டு எறிந்துவிடும் இன்றைய வகையைப் பெருவாரியாகப் பரப்பியது 1986-இல் ஜப்பானில் ஃபுஜி நிறுவனம். மறு ஆண்டே கோடக்கும் தொடர்ந்தது. விரைவிலேயே நீர் புகாத வகைகளும் வந்து, கடற்கரைக்குச் சுற்றுலா செல்வோரின் கைகளில் எளிதாக இடம்பிடித்தன. யாருக்காக அவை செய்யப்பட்டன என்பதைக் கவனியுங்கள்: நடுப்பகல் வெயிலில், வெண்மணற் கடலில், அடித்தரை தெரியுமளவு தெளிந்த நீரில் விளையாடுவோருக்காக.

இத்தகைய கேமராவில் திருகுவதற்கோ மாற்றுவதற்கோ எதுவுமில்லை. ஒளி நுழையும் துளை ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். ஒரு கொத்தமல்லி விதையின் அளவு. அது திறந்து மூடும் நேரம் பொதுவாக நொடியில் 125-இல் ஒரு பங்கு. வெயிலாயினும் நிழலாயினும் இவ்விரண்டும் மாறா. அறைக்குள் பயன்படுத்தும் சாதாரண வகையில் ஃபிளாஷ் இருக்கும். தண்ணீர் வகையில் அதுவும் கிடையாது. ஆகவே சற்று வேகமான, 800 என்று எண்ணிட்ட ஃபிலிமை உள்ளே வைத்திருப்பார்கள். இந்தக் கணக்கின்படி நல்ல வெயிலில் தேவைக்குப் பல மடங்கு அதிகமான ஒளி ஃபிலிமின்மேல் விழும். அதனால் பெரிய கேடில்லை. வண்ண நெகட்டிவ் மிகுதியான ஒளியைப் பொறுத்துக்கொள்ளும், அச்சிடும்போது சரிசெய்துகொள்ளலாம். வாழைத்தோட்டத்துப் படங்கள் பிழைத்தது அப்படித்தான்.

குறைவான ஒளியை மட்டும் அது பொறுக்காது. மரங்கள் அடர்ந்து கவிந்த இடத்தில், வெட்டவெளியில் இருக்கும் ஒளியில் இருபதில் ஒரு பங்குகூட இராது. வெயிலும் மலைக்குப் பின்னால் போய்விட்டால் இன்னும் குறையும். நம் கண் இதை நமக்குத் தெரிவிப்பதில்லை. அது தன் பாவையை விரித்துக்கொண்டு, தன்னைத்தானே பழக்கிக்கொண்டு, எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று நம்மை நம்ப வைத்துவிடுகிறது. கேமராவின் கண்ணுக்கு அந்த வித்தை தெரியாது. ஒளி விழாத இடத்தில் நெகட்டிவ் வெறுமையாகவே நின்றுவிடும். கடையிலுள்ள இயந்திரம் அந்த வெறுமையிலிருந்து எப்படியாவது ஒரு படத்தை வெளிக்கொணர முயலும். அந்த முயற்சியின் விளைவே நாம் காணும் சாம்பல் மணல்.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை தோன்றியது. அதே ஜவ்வாது மலைத்தொடரில்தான் காவலூர் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தொலைநோக்கியின் ஆடி 2.3 மீட்டர் அகலம். 1988 பிப்ரவரியில் அவ்வாய்வகத்தின் சிறிய தொலைநோக்கி ஒன்றைக் கொண்டு ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது. மங்கலான ஒளியைப் பிடிக்க வேண்டுமானால் ஒன்று கண்ணை அகலத் திறக்க வேண்டும், அல்லது நெடுநேரம் திறந்து வைத்திருக்க வேண்டும். மலையின் ஒரு பக்கத்தில் அதை அறிந்தவர்கள் விண்மீன்களைப் படம் பிடிக்கிறார்கள். மறுபக்கத்தில் நாங்கள் கொத்தமல்லி விதையளவு துளையை நொடியில் 125-இல் ஒரு பங்கு நேரம் திறந்துவிட்டு, அம்மாவின் முகம் கிடைக்கும் என்று காத்திருந்தோம்.

பாத்திரத்தில் போட்ட காசு

நீருக்கடியில் எடுத்த படங்களின் கதை வேறு. ஒரு பாத்திரத்தின் அடியில் காசைப் போட்டு, அது விளிம்பால் சற்றே மறையுமாறு விலகி நின்றுகொண்டு, தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். மறைந்திருந்த காசு மேலெழுந்து வந்து காட்சி தரும். தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைவதால் நிகழ்வது இது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 11-ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலின் ஏழாம் பாகத்தை இந்த வளைவுக்கென்றே ஒதுக்கினார். சிறு துளை வழியே இருட்டறைக்குள் ஒளி புகுந்து உருவம் காட்டுவதையும் ஆராய்ந்தவர் அவர். கேமராவும் தண்ணீரும் ஆகிய இரண்டு பொருள்களுமே அவருடைய ஆராய்ச்சிக்குரியவையாக இருந்தன என்பதை நினைக்கும்போது, எங்கள் 54 படங்களை அவரிடம் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தோன்றாமலில்லை.

இந்த வளைவினால், தட்டையான கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நீருக்குள் பார்க்கும் கண்ணுக்கும் கேமராவுக்கும், பொருள்கள் இருக்கும் தூரத்தில் முக்கால் பங்கிலேயே இருப்பதாகத் தோன்றும். நான்கு அடிக்கு அப்பாலுள்ளது மூன்று அடியில் இருப்பதுபோல் காணும். இக்கேமராவோ ஏறத்தாழ ஒரு மீட்டருக்குக் குறைவான தூரத்திலுள்ள எதையும் கூர்மையாகக் காட்டாது. எனவே நீருக்குள் நாலரை அடியாவது தள்ளி நின்றால்தான் உருவம் தெளியும்.

இங்கேதான் சிக்கல். புயல்மழைக்குப் பின் மலையிலிருந்து மண்ணையும் இலைச்சாற்றையும் கரைத்துக்கொண்டு இறங்கும் ஓடையில் ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை. மேலிருந்து பார்க்கும்போது தெளிவாகத் தோன்றிய நீர்தான். ஆனால் உள்ளிருந்து கிடைமட்டமாகப் பார்க்கும்போது, மிதக்கும் ஒவ்வொரு மண் துகளும் ஒளியைத் திருப்பியடிக்கிறது. அருகே போனால் கேமரா தெளியாது. விலகிப் போனால் நீர் தெளியாது. கடலில் இது தீர்ந்த பிரச்சினையாக இருக்கலாம். நம் ஆறுகளிலும் ஓடைகளிலும், அதுவும் மழைக்காலத்தில், இதற்குத் தீர்வே இல்லை.

மற்றக் குறைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நாம் பார்க்கும் துளை வேறு, படம் பிடிக்கும் கண் வேறு. ஆகவே அருகிலிருந்து எடுத்த சிலவற்றில் தலைகள் இல்லை. நீரிலிருந்து வெளியே எடுத்தவுடன் துடைக்காமல் எடுத்தவற்றில் முகத்தின் நடுவே ஒரு துளி பெரும் குமிழாக நிற்கிறது. போதாக்குறைக்கு, தங்கை மகள் கேமராக்களைப் பெரிய பெட்டியில் வைத்து விமானத்தில் போட்டுவிட்டாள். அப்பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்-ரே வலிமையானது. வேகமான ஃபிலிமை அது மங்கலாக்கிவிடும். கைப்பையில் எடுத்து வந்து, கையால் சோதிக்கும்படி அதிகாரிகளிடம் வேண்டிக்கொள்வதே முறையாம்.

தாளில் மட்டும் வரும் என்றது

படங்களை நாங்கள் முதலில் பார்த்தது தாளில் அன்று. சென்னைக் கடைக்காரர்கள் சுருளைக் கழுவி, ஸ்கேன் செய்து, படங்களைக் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றைய வழக்கம் அதுதானாம்; நாங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஆவலில் தங்கை மகள் அவற்றைக் குடும்பத்தாரின் வாட்ஸ்அப் குழுவிற்கு அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகே நன்னிக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்து அழுதுவிட்டாள். உடனே அழித்தும் விட்டாள். அதற்குள் யார் யார் பார்த்தார்களோ! கடையில் இருந்தவர்கள் பார்த்தது தனி.

ஒரு வகையில் இது புதிதன்று. முன்பும் நம் வீட்டுப் பெண்களின் பெருநாள் படங்களைக் கடைத்தெரு ஸ்டுடியோவில் முன்பின் தெரியாதவர் கையில்தான் கொடுத்து வந்தோம். ஃபிலிம் என்றால் அந்தரங்கம் என்று இன்று எண்ணுவது, அந்த இருட்டறைக்காரரை நாம் மறந்துவிட்டதனால்தான்.

அம்மாவிடம் மறைக்கவில்லை. தங்கை மகளே கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டி மன்னிப்புக் கேட்டாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் உற்றுப் பார்த்தார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருள். துப்பட்டியின் வெள்ளை விளிம்பு மட்டும் ஒரு கோடு. “இதில் என்னை யாருக்கம்மா தெரியப்போகிறது? அல்லாஹ் காப்பாற்றினான்” என்று சொல்லிச் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மா வஃபாத்தானார்கள்.

அதன் பிறகு எங்களில் ஒவ்வொருவரும் தனித்தனியே அந்தப் படத்தைத் தேடியிருக்கிறோம் என்பது பின்னர்தான் தெரிந்தது. நல்லவேளையாக, தாளில் வரும் என்று சொன்ன சொல்லுக்காக, நெகட்டிவையும் திருப்பி அனுப்பும்படி தங்கை மகள் முன்பே எழுதியிருந்தாள். கேட்காவிட்டால் பல இடங்களில் அதை வைத்திருப்பதில்லை. எங்கள் ஊரில் முன்னொரு காலத்தில் ஸ்டுடியோ நடத்திய முதியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்துவிட்டு, “முகத்தில் வெளிச்சமே விழவில்லையே பாய். நான்கு அடி இந்தப் பக்கம் வந்து வானத்தைப் பார்த்து நின்றிருந்தால் போதுமே” என்றார். இருந்தாலும் இரண்டு நாள் வைத்திருந்து, தன்னால் இயன்றதைச் செய்து, உள்ளங்கையளவு ஒரு படம் அச்சிட்டுக் கொடுத்தார். துப்பட்டியின் விளிம்பும், தண்ணீரின் ஒரு மினுமினுப்பும், பேரனின் தோளில் ஊன்றிய கையும் தெரிகின்றன. அந்தக் கை அம்மாவுடையதுதான். விரல்களைக் கொண்டு எவரும் சொல்லிவிடலாம். அது இப்போது அவர்களுடைய பீரோவில், பழைய பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது.

இனி நீங்கள் கேட்கக்கூடியது: இத்தகைய கேமராவை வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். வெயில் இருக்கும் இடத்தில், காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையே, சூரியன் எடுப்பவரின் முதுகுப்பக்கம் இருக்குமாறு நின்று, நான்கு முதல் பத்து அடி தூரத்திற்குள் எடுத்தால் அது ஏமாற்றாது. மழையில் நனைந்தாலும், குழந்தை கையிலிருந்து மணலில் விழுந்தாலும், அலை தெறித்தாலும் கவலையில்லை என்பதே அதன் உண்மையான பயன். ஒவ்வொரு முறையும் முன்கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள். ஆறு, குளம், ஓடை என்றால் கேமராவை நீருக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவுடன் கழுவக் கொடுத்துவிடுங்கள். கோடையில் காருக்குள் வைத்துவிட்டுப் போனால் சுருள் கெடும். கொடுக்கும்போது, ஸ்கேன் வேண்டுமா, யாருக்கு அனுப்புவது, நெகட்டிவ் திரும்ப வருமா என்ற மூன்றையும் பேசிக்கொள்ளுங்கள். மறுபடி எடுக்க இயலாத படம் என்றால் அதை மட்டும் இதை நம்பி விடாதீர்கள். வேறொரு கேமராவிலும் எடுத்து, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வழி தேடுங்கள்.

கைப்பேசியே தண்ணீரைத் தாங்கும் என்று விளம்பரங்கள் சொல்கின்றனவே என்பீர்கள். அங்கும் இதே சொல்தான், எச்சரிக்கையாக இருங்கள். ஐ.பி.68 என்று குறிக்கப்படுவது, அசையாத நன்னீரில், நிறுவனம் குறித்த ஆழத்தில், குறித்த நேரம் வைத்து ஆய்வகத்தில் சோதித்ததைக் காட்டுவது. தண்ணீர் புகுந்து கெட்டால் பெரும்பாலான நிறுவனங்களின் உத்தரவாதத்தில் அது சேராது.

தங்கை மகள் அடுத்த விடுமுறைக்கு வருகிறாள். எத்தனை கேமரா கொண்டு வரட்டும் என்று கேட்டிருந்தாள். ஒன்று போதும், ஃபிளாஷ் உள்ள சாதாரண வகையாகப் பார்த்து வாங்கு, பெட்டியில் போடாமல் கைப்பையில் எடுத்து வா என்று பதில் எழுதியிருக்கிறேன்.